சுவரைச் சரிசெய்வதா, வீட்டுக்கு ஆள் அனுப்புவதா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள கிங் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) குளிர்காலம் என்றால் பனியைவிட மழைதான். இலையுதிர் காலத்தில் பிடிக்கும் தூறல் வசந்தம்வரை விட்டுவிட்டுப் பெய்யும். சன்னல்களைச் சாத்திவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் குளியலறை நீராவியும் சமையல் நீராவியும் உலர்த்திய துணிகளின் ஈரமும் போக்கிடம் தெரியாமல் சுற்றிவந்து, கடைசியில் அதிகம் குளிர்ந்திருக்கும் வெளிச்சுவரில் போய்ப் படிகின்றன. அந்தச் சுவரை ஒட்டித்தான் குழந்தையின் கட்டில் கிடக்கிறது. சின்ன அறையில் வேறு எங்கே போடுவது?

அந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா இருந்தால், இரவில் இருமலும் இளைப்பும் வந்து, தாய் அள்ளிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினால், பொதுப்பணத்தை எதில் செலவிடுவது? இதற்கு அமெரிக்காவில் நெடுங்காலமாக இரண்டு தனித்தனி விடைகள் இருந்தன. இரண்டையும் சேர்த்தால் என்ன என்பது பின்னால் வந்த மூன்றாவது விடை. ஒரு கவுண்டியோ மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ வீட்டுவசதி வாரியமோ இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு. மாத்திரையும் இன்ஹேலரும் மட்டும் போதும் என்ற நான்காவது வழியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மருந்து எல்லா வழிகளுக்கும் அடித்தளம். அதற்கு மேலே எதைக் கட்டுவது என்பதே கேள்வி.

முதல் வழி, ஆள் அனுப்புவது. சமூக சுகாதாரப் பணியாளர் என்பவர் டாக்டரும் அல்லர், நர்சும் அல்லர். அந்தக் குடும்பம் பேசும் மொழியைப் பேசுபவர், பெரும்பாலும் அதே மக்களிடையிலிருந்து வந்தவர். அவர் ஓராண்டில் சில முறை வீட்டுக்கு வருகிறார். கையில் மெத்தை உறை, தலையணை உறை, வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர், வாசல் மிதியடி, மருந்து நுரையீரலுக்குள் சரியாகப் போக இன்ஹேலருடன் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய்.

அவர் முதலில் செய்வது எதையும் சொல்லிக்கொடுப்பதல்ல. "எப்படி மருந்து எடுத்துக்கொள்கிறாய், காட்டு கண்ணா" என்று பிள்ளையைக் கேட்பார். பிள்ளை இன்ஹேலரைக் குலுக்காமலே வாயில் வைத்து அழுத்தும். உடனே வாயிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கீற்று திரும்ப வெளியே வரும். உள்ளே போயிருக்க வேண்டிய மருந்து அது. மாதக்கணக்காக அந்த வீட்டில் மருந்து இருந்தது, குழந்தையின் நுரையீரலில்தான் இல்லை. பத்து நிமிடத்தில் முடிகிற சந்திப்பில் மருத்துவர் இதைக் கவனிக்காமல் போக நிறையவே வாய்ப்பிருக்கிறது. தினமும் போட வேண்டிய தடுப்பு மருந்தையும் மூச்சு முட்டும்போது போடும் மருந்தையும் மாற்றிப் புரிந்துகொண்ட வீடுகளிலும் இதே கதைதான்.

பிறகு கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்வார். பின்னால் கரும்புள்ளிகள், பூசணம். "வாரா வாரம் பிளீச் போட்டுத் துடைக்கிறேன்" என்று தாய் சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பூசணம் திரும்பத் திரும்ப வருகிறது, பிளீச்சின் நெடியே குழந்தைக்கு இருமலைக் கிளப்புகிறது. குளியலறை விசிறியைப் போட்டு, அதன் சல்லடைமேல் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பணியாளர் பிடித்துப் பார்ப்பார். இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். தாள் கீழே விழுகிறது. விசிறி சத்தம் மட்டும் போடுகிறது, காற்றை வெளியேற்றவில்லை.

இந்த வழிக்குச் சான்று வலுவாகவே உண்டு. கிங் கவுண்டியிலேயே 274 ஏழைக் குடும்பங்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஒரு தரப்பு வீடுகளுக்குப் பணியாளர் பலமுறை போனார், முழுப் பொருட்களும் தந்தார். இன்னொரு தரப்புக்கு ஒரே ஒரு வருகை. பலமுறை போன தரப்பில் அவசரச் சிகிச்சைக்கு ஓடுவது கூடுதலாகக் குறைந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களின் வாழ்க்கைத் தரமும் மேலும் உயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2004இல், ஏழு நகரங்களில் 937 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. ஓராண்டு முழுதும் வீடு தேடிப்போய் அந்தந்தப் பிள்ளையின் ஒவ்வாமைக்கு ஏற்ப வேலை செய்தார்கள். கரப்பான், மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சி ஆகியவற்றின் எச்சம் வீட்டில் குறையக் குறைய நோயின் தொல்லையும் குறைந்தது. வருகைகள் நின்ற பிறகு தொடர்ந்து கவனித்த இரண்டாம் ஆண்டிலும் பலன் நீடித்தது. இத்தகைய பலமுனை வீட்டு வருகைகளை அலசிய அமெரிக்கப் பொதுச்சுகாதார வல்லுநர் குழு, செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 5.30 முதல் 14 டாலர்வரை திரும்பக் கிடைப்பதாகக் கணக்குச் சொன்னது.

ஆனால் தாளைப் பிடித்துப் பார்த்த பணியாளரால் அந்த விசிறியை மாற்ற முடியாது. இந்த வழியின் எல்லை அங்கேதான். அவர் கண்ணில் எல்லாம் படுகிறது. கையிலோ கருவிப்பெட்டி இல்லை.

இரண்டாவது வழி, சுவரைச் சரிசெய்வது. வீட்டைக் குளிருக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்கும்படி செப்பனிடும் வேலைக்கு அங்கே வெதரைசேஷன் என்று பெயர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1976இல், ஏழைகளின் எரிபொருள் செலவைக் குறைக்கவே அமெரிக்க ஒன்றிய அரசு இதற்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இன்று எரிசக்தித் துறையின்கீழ் நடக்கும் அத்திட்டத்தில் இதுவரை 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் செப்பனிடப்பட்டுள்ளன. வறுமைக்கோட்டின் இரண்டு மடங்குவரை வருமானமுள்ள குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம். ஆஸ்துமா என்ற எண்ணமே அதன் பிறப்பில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் எளிதாகப் புரியும்.

வேலையாட்கள் வந்ததும் வாசற்கதவைத் திறந்து, நிலைச்சட்டத்தில் துணித்திரை ஒன்றை இறுகப் பொருத்துவார்கள். திரையின் நடுவே பெரிய விசிறி. அது வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சும். உள்ளேயும் வெளியேயும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வந்ததும் வீட்டின் ஓட்டைகள் எல்லாம் தம்மைக் காட்டிக்கொடுக்கும். மின்சார பிளக் அருகே கையை வைத்தால் சில்லென்று காற்று வரும், மேற்கூரைக் கதவின் இடுக்கு விசிலடிக்கும். பிறகு இடுக்குகளை அடைத்து, கூரைக்கு அடியில் வெப்பக்காப்பு நிரப்பி, சூட்டுக் காற்றுக் குழாய்களின் கசிவை ஒட்டி, பழைய ஹீட்டரை மாற்றுவார்கள். வீட்டின் அடித்தளத்துக்குக் கீழே தவழ்ந்து போய்ப் பார்த்தால் மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் விரித்த பிளாஸ்டிக் தாள் கிழிந்து கிடக்கும். குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் கூரைக்கடியிலேயே நீராவியைக் கொட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

இந்த வழியை மட்டம் தட்டுபவர்கள் நியூசிலாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே 1,350 வீடுகளை எடுத்து, ஒரு பாதிக்கு முதலில் வெப்பக்காப்பு போட்டுப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. வேறெதுவும் செய்யாமலே இளைப்பும் பள்ளிக்கு மட்டம் போடுவதும் குறைந்தன. மறு ஆண்டு வந்த ஆய்வில், ஆஸ்துமா உள்ள 409 பிள்ளைகளை எடுத்து, ஒரு தரப்பின் வீடுகளில் முதலில் நல்ல ஹீட்டர் பொருத்திப் பார்த்தார்கள். நுரையீரல் அளவீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆனால் நோய்க்குறிகள் குறைந்தன, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத நாட்களும் குறைந்தன. ஆகவே வீடு மட்டுமே மாறினாலும் பிள்ளையின் மூச்சு மாறும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனாலும் இதைத் தனியாக ஓர் ஆஸ்துமாத் திட்டம் என்று விற்பவரை நான் நம்பமாட்டேன். முதல் காரணம், காற்றோட்டம். ஓட்டை நிறைந்த வீடு தன் ஓட்டைகள் வழியாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவற்றை அடைத்துவிட்டு வேறு வழி வைக்காவிட்டால் ஈரம், சிகரெட் புகை, கேஸ் அடுப்பின் நைட்ரஜன் டை ஆக்சைடு எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். அமெரிக்கத் திட்டத்தில் இப்போது இயந்திரக் காற்றோட்டத்துக்கு விதிமுறை இருக்கிறது, அடைத்த பின் அளந்து பார்க்கிறார்கள். விதி நல்லதுதான். ஆனால் இரைச்சல் தாங்காமல் குடும்பம் அந்த விசிறியை அணைத்துவிட்டால், கரண்டு செலவு என்று நினைத்து சுவிட்சின்மேல் டேப் ஒட்டிவிட்டால், விதி என்ன செய்யும்? வேலையாட்கள் போய்விட்டார்கள். அது ஏன் ஓட வேண்டும் என்று அந்த வீட்டு மொழியில் சொல்ல ஆளில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. மோசமான வீடுகளைத்தான் இந்தத் திட்டம் திருப்பி அனுப்புகிறது. கூரை ஒழுகினால், பூசணம் பரவியிருந்தால், பழைய மின்கம்பிகள் ஆபத்தான நிலையில் இருந்தால், "முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்" என்று ஒத்திவைத்துவிடுவார்கள். பூசணத்தை அகற்ற எரிசக்தித் துறையின் வழக்கமான நிதியைத் தொடக் கூடாது. ஒத்திவைத்த வீடுகளைத் தயார்செய்யவென்றே 2022 முதல் தனி நிதி ஒதுக்குகிறார்கள். அதன் அளவு சிறிது. ஆஸ்துமாவுக்கு மிகவும் ஏதுவான வீடு எதுவோ அதுவே வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

மூன்றாவது காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்தச் சுவர் வேலையும் இன்ஹேலர் பிடிக்கக் கற்றுத்தராது.

இனி சேர்க்கை. கிங் கவுண்டியின் பொதுச்சுகாதாரத் துறையும் அங்குள்ள வீட்டுவசதி ஆணையமும் கைகோத்துச் செய்த ஒரு சோதனையின் முடிவு 2014இல் அமெரிக்கப் பொதுச்சுகாதார இதழில் வந்தது. 34 குடும்பங்களுக்கு இரண்டும் கிடைத்தன. பணியாளரின் வருகைகளோடு வீட்டில் காற்றோட்டம் மேம்பட்டது, ஈரமும் பூசணமும் நீக்கப்பட்டன, தேவைப்பட்ட இடத்தில் கம்பளத்தரை மாற்றப்பட்டது, கசியும் குழாய்கள் பழுதுபார்க்கப்பட்டன. ஒப்பிடுவதற்கு, முன்பு பணியாளர் வருகை மட்டும் பெற்ற 68 குடும்பங்கள். தொடக்கத்தில் இரு பக்கமும் எந்தப் பிள்ளைக்கும் நோய் கட்டுக்குள் இல்லை, அதாவது நூற்றுக்கு நூறு. ஓராண்டு கழித்து, கட்டுக்குள் வராத பிள்ளைகள் ஒப்பீட்டுத் தரப்பில் 51.6 சதவீதம். இரண்டும் பெற்ற தரப்பில் 28.8 சதவீதம். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களின் வாழ்க்கைத் தரமும் கண்கூடாக அதிகம் உயர்ந்தது.

இந்த எண்களைப் படித்ததும் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். மோசமாக இருக்கும் நேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் சிலர் தேறியிருப்பார்கள். எனவே "100லிருந்து 28.8" என்பது விளம்பரத்துக்கு ஆகும், முடிவெடுக்க ஆகாது. முடிவெடுக்க உதவுவது 51.6க்கும் 28.8க்கும் உள்ள இடைவெளி. அதையும் எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். குடும்பங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, ஒப்பீட்டுத் தரப்பு முந்தைய திட்டம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது, 34 என்பது சிறிய எண்ணிக்கை. தரைத்தூசியில் ஒவ்வாமைப் பொருட்கள் குறைந்தாலும் பெரும்பாலான குறைவுகள் தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. எலியின் எச்சமோ குறையவே இல்லை.

பக்கத்துக் கதை ஒன்று இதே எச்சரிக்கையை வலுப்படுத்துகிறது. சியாட்டிலின் ஹை பாயிண்ட் குடியிருப்பில் ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கென்றே 35 வீடுகளைப் புதிதாகக் கட்டினார்கள். வடிகட்டிய காற்றோட்டம், ஈரம் ஏறாத அடித்தளம், நெடி குறைந்த பெயிண்ட் என்று எல்லாம் பார்த்துப் பார்த்து. குடிபோன பிள்ளைகளுக்கு இரு வாரத்தில் தொல்லையில்லாத நாட்கள் சராசரியாக 7.6லிருந்து 12.4 ஆக உயர்ந்தன. ஆனால் வீட்டு வருகையும் கல்வியும் மட்டும் பெற்ற ஒப்பீட்டுத் தரப்பும் நன்றாகவே தேறியது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகளில் பெரும்பாலானவை புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. பணியாளரின் வருகை அவ்வளவு சக்தி வாய்ந்தது. அதற்கு மேல் வீடு எவ்வளவு கூட்டித் தருகிறது என்பதைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் நான் சேர்க்கையின் பக்கம்தான். எண்களைவிட அது வேலை செய்யும் விதமே என்னை அந்தப் பக்கம் இழுக்கிறது. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நிலைத்து நின்றால் தூசுப்பூச்சியால் பிழைக்க முடியாது. மெத்தை உறை அந்தப் பூச்சியிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறது. காற்றோட்டமும் சூடான சுவரும் அது பிறப்பதற்கான நிலையையே கெடுக்கின்றன. பிளீச்சால் துடைத்த தாய் செய்தது வீண்வேலை, ஆனால் தவறு அவருடையதல்ல. சுவர் குளிர்ந்திருக்கும்வரை ஈரம் அங்கே படியத்தான் செய்யும். வெப்பக்காப்பு போட்ட பிறகு அதே தாய் அதே துணியால் துடைத்தால் அந்த உழைப்பு நிலைக்கும். பழுதுபார்ப்பு பணியாளரின் அறிவுரையைச் செய்யத்தக்கதாக்குகிறது, பணியாளர் பழுதுபார்ப்பைப் பயனுள்ளதாக்குகிறார். விசிறியைப் பொருத்துபவர் ஒருவர், அதை அணைக்காமலிருக்கக் காரணம் சொல்பவர் இன்னொருவர்.

சேர்க்கை எல்லா வீட்டுக்கும் வேண்டுமா? வேண்டாம். இந்த இடத்தில் திட்டக்காரர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஒரு வீட்டைச் செப்பனிட ஒன்றிய அரசுத் திட்டம் அனுமதிக்கும் சராசரிச் செலவு இப்போது எட்டாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. அதே பணத்தில் பல குடும்பங்களுக்குப் பணியாளரை அனுப்பலாம். வீடு உலர்ந்திருக்கிறது, குழந்தைக்குத் தொல்லை தருவது அப்பாவின் சிகரெட்டும் தவறாகப் பிடித்த இன்ஹேலரும்தான் என்றால், கூரையில் காப்பு போட்டு என்ன ஆகப்போகிறது? கரப்பான் மட்டுமே பிரச்சினையாக உள்ள அடுக்குமாடி வீட்டிலும் அப்படியே. இடுக்குகளை அடைத்து, பொறி மருந்து வைத்து, உணவை மூடி வைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பணியாளர் எல்லோர் வீட்டுக்கும் போகட்டும். தாள் கீழே விழுந்த வீட்டுக்கு, கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்த வீட்டுக்கு, காலையில் சன்னல் சட்டத்தில் தண்ணீர் தேங்கும் வீட்டுக்கு அடுத்ததாக வேலையாட்கள் போகட்டும்.

இந்த வரிசை முக்கியம். எரிசக்தி அலுவலகத்தின் காத்திருப்புப் பட்டியலிலிருந்து தொடங்கி, அதில் ஆஸ்துமாப் பிள்ளை யார் என்று தேடினால் தவறான வீடுகள் கிடைக்கும். அவசரப் பிரிவுக்கு அடிக்கடி வரும் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை 2005 முதல் இப்படித்தான் தன் நோயாளிகளையே தேடிப்போனது. ஓராண்டில் அவசரப் பிரிவு வருகைகள் 68 சதவீதம் குறைந்ததாக 2012இல் அறிவித்தார்கள். நான் மேலே சொன்ன "தானாகத் தேறுவது" இந்த எண்ணுக்குள்ளும் ஒளிந்திருக்கும். ஆனாலும் செலவு அதிகம் எங்கே நடக்கிறதோ அங்கே போவதுதான் முறை.

பணம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம், ஏனென்றால் நல்ல திட்டங்கள் செத்துப்போவது இங்கேதான். சுவரைச் சரிசெய்யும் செலவு எரிசக்தித் துறையின் பையிலிருந்து போகிறது. பிள்ளை மருத்துவமனைக்குப் போகாததால் மிச்சமாகும் பணம் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் பையில் விழுகிறது. ஒரு பைக்காரர் செலவு செய்ய, இன்னொரு பைக்காரர் மிச்சம் பிடிக்க, இருவருக்கும் இது தம் வேலையில்லை என்று தோன்றுகிறது. எரிசக்தித் துறையின் சொந்தக் கணக்கே இதைக் காட்டிக்கொடுக்கிறது. செப்பனிடச் செலவிடும் ஒரு டாலருக்கு எரிபொருள் சேமிப்பு 1.72 டாலர், உடல்நலமும் பாதுகாப்பும் சேர்ந்த பிற நன்மைகள் 2.78 டாலர். பெரிய பங்கு அவர்கள் கணக்கேட்டில் வராத பங்கு.

பாலம் போடும் முயற்சிகள் நடக்கின்றன. டாக்டர் பரிந்துரைத்தால் மருத்துவ உரிமம் இல்லாத பணியாளர் தரும் தடுப்புச் சேவைக்கும் மெடிக்கெய்டு பணம் தரலாம் என்று 2014 முதல் விதி தளர்ந்தது. கலிபோர்னியா 2022இல் இன்னும் ஒரு படி போய், ஆஸ்துமா நோயாளியின் வீட்டைச் சீர்செய்யவே ஒருவருக்கு வாழ்நாளில் 7,500 டாலர்வரை தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வாஷிங்டன் மாநிலம் தன் சொந்த நிதியைச் செப்பனிடும் திட்டத்தோடு இணைத்து, ஒன்றிய அரசின் நிதியால் தொட முடியாத வேலைகளைச் செய்ய வழிவிட்டது. எந்தக் கவுண்டி சேர்க்கைக்குப் போக நினைத்தாலும் முதலில் செய்ய வேண்டியது எரிசக்தித் துறை, மெடிக்கெய்டு, மாநில அரசு என்ற இந்த மூன்று பைகளையும் ஒரே மேசையில் வைப்பது. அது கூடிவராது என்று தெரிந்தால் கௌரவம் பார்க்காமல் பணியாளர் வழியை மட்டும் நன்றாகச் செய்யலாம். அரைகுறைச் சேர்க்கையைவிட அது மேல்.

வாடகை வீடு என்றால் இன்னொரு முடிச்சு உண்டு. ஏழைக் குடும்பங்களில் பலரும் வாடகைக்கு இருப்பவர்கள், சுவரோ உரிமையாளருடையது. அவர் கையெழுத்துப் போட வேண்டும். வேலையைக் காட்டி உடனே வாடகையை ஏற்றக் கூடாது என்று ஒன்றிய அரசுத் திட்டத்தில் விதி இருக்கிறது. ஆனால் பூசணத்தைப் பற்றி வாய்திறந்தாலே காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் விதியைப் படித்துப் பார்த்துவிட்டுப் போவதில்லை. உரிமையாளரிடம் யார் பேசுவது, எந்தத் தாளைக் காட்டிப் பேசுவது என்பதைத் திட்டம் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும். குடும்பத்தின் தலையில் அதைக் கட்டிவிட்டால், தாய் கட்டிலை நகர்த்திக் காட்டவே தயங்குவார்.

நடைமுறையில் ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்பேன். செப்பனிடும் வேலை நடக்கும் நாட்களில் தூசு கிளம்பும், பசை நாறும். பிள்ளையை அப்போது எங்கே வைப்பது என்று பணியாளரே குடும்பத்தோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் கணக்கை மூடிவிடக் கூடாது. கோடையில் முடித்த வீட்டைக் கோடையிலேயே பரிசோதித்து "ஈரம் இல்லை" என்று எழுதுவது யாருக்கும் உதவாது. அடுத்த மழைக்காலம் பிடித்து, ஹீட்டர் ஓடி, சன்னல்கள் சாத்தி ஒரு மாதம் ஆன பிறகு, பணியாளர் மறுபடி போய் அதே காகிதத் துண்டை விசிறியில் பிடித்துப் பார்க்க வேண்டும், அதே கட்டிலை நகர்த்திப் பார்க்க வேண்டும்.